இஞ்சி சோடா நொதிக்குது: பிளாஸ்டிக் பாட்டிலா, கண்ணாடியா?

அஸ்தம்பட்டி_அடுப்படி (சேலம்):
வணக்கம். ஜிஞ்சர் பக் (இஞ்சியும் சர்க்கரையும் தண்ணீரில் நொதிக்க வெச்ச ஈஸ்ட் கரைசல்) ஊற்றி இஞ்சி சோடா போட்டிருக்கேன். தண்ணீர் 4 லிட்டர், இஞ்சி 100 கிராம், சர்க்கரை 320 கிராம், எலுமிச்சை 3, வடிகட்டின பக் ஒரு டம்ளர். சமையலறையில் 34 டிகிரி. இரண்டாம் நாள் நிலவரம் இது:

தண்ணீர் பாட்டில்: அடி உப்பிடுச்சு, நிறுத்தினா சாயுது.
750 மி.லி. சோடா பாட்டில்: அமுக்கினா அமுங்கவே இல்லை.
கிளிப் மூடி போட்ட சதுரக் கண்ணாடி பாட்டில்: திறந்தா 'புஸ்' சத்தம்கூட இல்லை.
650 மி.லி. பிரவுன் பீர் பாட்டில் 2, கிரவுன் மூடி (ஓரம் மடிப்பு மடிப்பா இருக்கிற தகர மூடி) அடிச்சது: வெளியே ஒண்ணும் தெரியலை.

அடுத்த முறை எந்த பாட்டில் வாங்கலாம்? ஏற்காட்டில் தங்கச்சி வீட்டில் போட்டு கீழே கொண்டு வரவும் நினைக்கிறேன்.

சேர்வராயன்_மிளகு (ஏற்காடு):
வாங்குறது அப்புறம். முதல்ல அந்த பிரவுன் பாட்டில் இரண்டையும் கவனிங்க அக்கா. சோடா பாட்டில் இறுகிடுச்சுன்னா, அதே சரக்கு இருக்கிற கண்ணாடிக்குள்ளேயும் அதே அழுத்தம்தான். கண்ணாடி உப்பிக் காட்டாது, நேரா வெடிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, கையுறை போட்டு, தடிமனான ஈரத் துணியில் சுற்றி, மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து ஃபிரிட்ஜுக்குள் தள்ளுங்க. ஒரு நாள் முழுக்கக் குளிரட்டும். பிறகு துணியோடயே பிடிச்சு, ஓப்பனரால் மூடியின் ஓரத்தை லேசா நெம்பி, வாயு வடிந்த பிறகு முழுசா எடுங்க. பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

ஐந்துரோடு_சோடா (சேலம்):
ஏன் இவ்வளவு அவசரம்னா, கணக்கு இதுதான். ஒரு லிட்டரில் 4 கிராம் சர்க்கரை நொதித்தால், அந்தப் பானத்தின் கொள்ளளவுக்குச் சமமான கரியமில வாயு வரும். நல்ல நுரைக்கு இரண்டரை மடங்கு போதும். உங்க அளவில் லிட்டருக்கு 80 கிராம். அப்படியே விட்டா 20 மடங்கு. அதைத் தாங்குற பாட்டில் எதுவும் கிடையாது, பிளாஸ்டிக்கும்தான். அதாவது உங்க இனிப்பு சோடாவில் வாயு எப்போ நிக்கணும்னு சர்க்கரை முடிவு பண்ணாது, ஃபிரிட்ஜ்தான் முடிவு பண்ணும். ஃபிரிட்ஜிலும் ஈஸ்ட் மெதுவா வேலை செய்யும். அதனால ஒரு வாரத்துக்குள் குடிச்சிடுங்க.

இதனால்தான் இனிப்பா குடிக்கிறவங்களுக்குப் பிளாஸ்டிக்கையே சொல்வேன். விரலால் அமுக்கியே அழுத்தம் தெரிஞ்சுக்கலாம். ஆனா தண்ணீர் பாட்டில் ஆகாது. அது மெல்லிசு, வாயுவுக்குச் செய்தது இல்லை. அடியில் ஐந்து கால் மாதிரி மேடு இருக்கிற சோடா, கோலா பாட்டில்தான் வேணும். நிரப்பினதும் பாட்டிலை அமுக்கி மேல் காற்றை வெளியேற்றி, ஒடுங்கின நிலையிலேயே மூடுங்க. சில மணி நேரத்தில் ஒடுக்கு நிமிரும். நிமிரலைன்னா மூடி கசியுது, இல்லை ஈஸ்ட் வேலை செய்யலை. இறுகினதும் ஃபிரிட்ஜ். சேலம் வெயில் காலத்தில் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது அமுக்கிப் பாருங்க.

சதுர பாட்டில் அலமாரி அலங்காரத்துக்குத்தான். தட்டைப் பக்கமும் மூலையும்தான் முதலில் விரிசல் விடும். ரப்பர் வளையம் கசிஞ்சதால இந்தத் தடவை தப்பிச்சீங்க. வளையத்தை மாத்தி அதையே பயன்படுத்தாதீங்க.

நாகலூர்_காப்பி (ஏற்காடு):
கண்ணாடியை இப்படி ஒரேயடியா ஒதுக்கிடக் கூடாதுங்க. பிளாஸ்டிக் வழியா வாயு கொஞ்சம் கொஞ்சமா வெளியே போகும், ஆக்ஸிஜன் உள்ளே வரும். இரண்டு மாசம் வைக்கணும்னா கண்ணாடிதான் நுரையைக் காக்கும். பிளாஸ்டிக்கில் இஞ்சி வாசனையும் ஊறிடும், அடுத்து ஆரஞ்சு போட்டா இஞ்சிதான் மணக்கும்.

ஆனா கண்ணாடிக்கு முறை வேற. முதலில் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) போட்ட ஜாடியில் சர்க்கரை முழுக்கத் தீரட்டும். ஹைட்ரோமீட்டர் (கரைசலின் அடர்த்தியை அளக்கிற மிதவை) மூணு நாள் ஒரே அளவு காட்டணும். அதுக்கப்புறம் லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரையை, கண்ணால் அளக்காம தராசில் நிறுத்து, கொதிக்க வெச்சு ஆறின பாகா மொத்தத்திலும் கலக்கணும். பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன்னு போட்டா ஒண்ணு சப்புன்னு இருக்கும், ஒண்ணு பொங்கும். வாயில் 3 செ.மீ. காலி விடுங்க. விளிம்பில் சில்லு, உடம்பில் வெள்ளைக் கீறல் வளையம் இருக்கிற பழைய பாட்டிலைத் தள்ளிடுங்க. திருகு மூடிக் கண்ணாடியில் கிரவுன் மூடி சரியா உட்காராது.

இனிப்பு போயிடுமேன்னா, குடிக்கும்போது டம்ளரில் பாகு சேர்த்துக்கலாம். ஒண்ணு சொல்லணும், 80 கிராமும் தீர்ந்தா 5 சதவீதத்துக்குப் பக்கத்தில் ஆல்கஹால் வந்துடும். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாம வீட்டில் மது தயாரிக்கிறது குற்றம். அதனால் ஆரம்பத்திலேயே சர்க்கரையை ரொம்பக் குறைச்சிடுங்க.

அஸ்தம்பட்டி_அடுப்படி:
பிரவுன் பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கு, நன்றி. மலையிலிருந்து இறக்கினா 20 கொண்டை ஊசி வளைவில் குலுங்கி வெடிக்குமா? பாட்டிலைக் கொதிநீரில் கழுவலாமா?

ஐந்துரோடு_சோடா:
குலுங்கினா மூடிய பாட்டிலுக்குள் அழுத்தம் பெரிசா ஏறாது, உடனே திறந்தா பொங்கும், அவ்வளவுதான். ஆபத்து சூட்டில் இருக்கு. இரண்டரை மடங்கு வாயு உள்ள பாட்டிலில் 4 டிகிரியில் சுமார் 10 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு), 20 டிகிரியில் 27, 40 டிகிரியில் 54. ஏற்காட்டுக் குளிரில் சரியா இருந்தது, அடிவாரத்தில் வெயிலில் நிறுத்தின கார் டிக்கியில் இரண்டு மடங்கு ஆகிடும். சூட்டில் ஈஸ்டும் வேகமெடுக்கும். ஐஸ் பெட்டியில், பிளாஸ்டிக்கில் மட்டும் கொண்டு வாங்க.

கொதிநீர் வேண்டாம். 70 டிகிரி தாண்டினா சோடா பாட்டில் சுருங்கிடும், கண்ணாடியும் சட்டுன்னு விரிசல் விடும். கை பொறுக்கிற சூட்டில் கழுவுங்க. பிளாஸ்டிக் உள்ளே பிரஷ் விடாதீங்க, கீறலில் கிருமி தங்கும்.

சேர்வராயன்_மிளகு:
கண்ணாடியில் போட்டாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு சோடா பாட்டிலில் அதே சரக்கை நிரப்பி, கண்ணாடி பாட்டில்களோட அதே இடத்தில் வைங்க. அது இறுகினா எல்லாத்தையும் ஃபிரிட்ஜுக்கு மாத்துங்க.

ஆரஞ்சு போடறப்போ கடை ஸ்குவாஷ் ஊற்றாதீங்க. கே.எம்.எஸ். (கெடாம இருக்கச் சேர்க்கிற பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்) கலந்திருந்தா ஈஸ்ட் அடங்கிடும், பாட்டில் எதுவா இருந்தாலும் நுரை வராது.

அஸ்தம்பட்டி_அடுப்படி:
கோலி சோடா பாட்டில் கிடைச்சா?

நாகலூர்_காப்பி:
ஆகாதுங்க. அழுத்தத்தோட வாயுவை ஏத்தி, பாட்டிலைக் கவிழ்த்தாதான் கோலி வளையத்தில் போய் ஒட்டும். உள்ளேயே மெதுவா நொதிக்கிற வாயு கோலி ஏறுறதுக்குள்ள கழுத்து வழியாப் போயிடும்.