கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்ய, அதாவது இயல்பு வேகத்துக்கு மேல் முடுக்க, ஆஃப்டர்பர்னர் இன்னும் தேவையா?

கனல்: புதிய கார்டு வாங்கும் ஒவ்வொருவரிடமும் முதல் வேலையாக, கார்டின் வேகத்தையும் வோல்டேஜையும் மாற்றும் மென்பொருளான எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை நிறுவச் சொல்வது வெறும் பழக்க தோஷம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 2024 நவம்பரில் முழுமையாக வெளிவந்த என்விடியா ஆப், தானியங்கி டியூனிங், மின் வரம்பு, வெப்ப வரம்பு, திரைமேல் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்கள் என்ற எண்) அனைத்தையும் ஒரே இடத்தில் தருகிறது. ஏஎம்டியின் டிரைவர் மென்பொருளான அட்ரினலினில் அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைக்கும்) வசதியே நெடுநாளாக இருக்கிறது. சிப்பைச் செய்தவரே கருவியையும் தரும்போது மூன்றாமவரை ஏன் நாட வேண்டும்?

மில்லிவோல்ட்: ஏஎம்டி பற்றி நீங்கள் சொல்வது சரி, என்விடியா பற்றிச் சொல்வதில்தான் ஓட்டை இருக்கிறது. மின் வரம்பைக் குறைத்தால் எந்த வோல்டேஜில் எவ்வளவு வேகம் என்று காட்டும் தன் பழைய வளைகோட்டிலேயே கார்டு கீழிறங்கி, வோல்டேஜோடு வேகத்தையும் சேர்த்தே இழக்கிறது. ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல்-எஃப் அழுத்தினால் திறக்கும் வளைகோட்டில், 900 மில்லிவோல்ட் புள்ளியை வேண்டிய வேகத்துக்கு உயர்த்தி, அதற்கு வலப்பக்கம் உள்ளவற்றைச் சமதளமாக்கிவிட்டால், அதே வேகம் குறைந்த வோல்டேஜில் கிடைக்கிறது. 320 வாட் வரம்பு கொண்ட என் ஆர்டிஎக்ஸ் 3080 இப்படித்தான் 50 வாட்டுக்கு மேல் மிச்சப்படுத்துகிறது. இந்த வளைகோடு என்விடியா ஆப்பில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் நண்பரே.

கனல்: இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வசதிக்கு என்ன விலை என்பதையும் பார்க்க வேண்டும். ஆஃப்டர்பர்னரின் ஆர்டிகோர்64 டிரைவரில் இருந்த சிவிஇ-2019-16098 என்னும் பாதுகாப்பு ஓட்டையை, 2022இல் பிளாக்பைட் என்ற ரான்சம்வேர் கும்பல் பாதுகாப்பு மென்பொருளை முடக்கப் பயன்படுத்தியது. எஃப்பிஎஸ் பார்ப்பதற்காக இயங்குதளத்தின் மையமான கர்னல் வரை கதவைத் திறந்து வைப்பதா?

பழையகார்டு: அந்தத் தாக்குதலில் பழைய டிரைவரைத் தாக்குபவரே கையோடு கொண்டுவந்து இறக்குகிறார், உங்கள் கணினியில் ஆஃப்டர்பர்னர் இருந்ததா இல்லையா என்பது அவருக்குப் பொருட்டே அல்ல. ஆகவே அதை நிறுவாமல் இருப்பது இந்த ஆபத்துக்குக் காப்பாகாது. விண்டோஸ் 11இல் 2022 புதுப்பிப்பு முதல் இயல்பாகவே இயங்கும் டிரைவர் தடைப்பட்டியலை அணைக்காமல் இருப்பதே காப்பு. உண்மையில் அஞ்ச வேண்டியது போலிப் பதிவிறக்கத் தளங்களைத்தான். 2021இல் எம்எஸ்ஐ நிறுவனமே அப்படி ஒரு தளத்தைப் பற்றி எச்சரித்தது.

கனல்: நியாயம்தான். ஆனாலும் ஒரே ஒருவர், அலெக்ஸி நிகோலாய்சுக், இதன் முன்னோடியான ரிவாடியூனர் காலந்தொட்டுச் சுமந்து வரும் மென்பொருள் இது. எம்எஸ்ஐயிடமிருந்து பல மாதங்களாக ஊதியம் வரவில்லை என்று 2023 தொடக்கத்தில் அவரே எழுதினார். அப்படிப்பட்ட ஒன்றைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

மில்லிவோல்ட்: அதே 2023இல் 4.6.5 பதிப்பு வந்துவிட்டதே! எந்தக் கருவியானாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகத்தை அளவுக்கு மீறி முடுக்கினால், பிழையான தரவைக் கார்டு மீண்டும் அனுப்பிச் சமாளிக்கும். திரை உறையாது, மெகாஹெர்ட்ஸ் எண்ணும் உயர்ந்தே தெரியும், எஃப்பிஎஸ் மட்டும் சரியும். தானியங்கி டியூனிங்கை நம்புபவரும் முன்னும் பின்னும் ஒரே பெஞ்ச்மார்க்கை ஓட்டி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கனல்: அதில் எனக்கு மறுப்பில்லை. அண்டர்வோல்ட் தேவைப்படும் என்விடியா பயனருக்கு ஆஃப்டர்பர்னர், மற்றவர்களுக்கு அவரவர் டிரைவரோடு வருவதே போதும் என்று என் பரிந்துரையைத் திருத்திக்கொள்கிறேன்.

பழையகார்டு: லினக்ஸ்காரர்களை மறந்துவிட்டீர்கள். எங்களுக்கு ஆஃப்டர்பர்னரும் இல்லை, என்விடியா ஆப், அட்ரினலினும் இல்லை; இதே வேலையைச் செய்யும் லாக்ட் அல்லது கோர்கன்ட்ரோல்தான்.