ஜப்பானிய மரக்கட்டை அச்சுல நிறத்த படிப்படியா வெளிற வைக்கற பொகாஷிங்கற உத்திக்கு தமிழ்ல "தேய்நிறம்" சரியா வருமா?

> பொகாஷிக்கு "வண்ணச்சரிவு"ன்னே வச்சிடலாமே, கணினில கிரேடியன்ட்டுக்கு அப்படித்தானே சொல்றோம்.

ஐயா, கணினிக்கு அது நல்ல சொல்தான், ஆனா ஜப்பானிய மரக்கட்டை அச்சுக்கு ஒட்டலன்னு தோணுது. ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857ல போட்ட கமெய்தோ பிளம் தோட்டம் படத்த எடுத்துக்குங்க, வான்கோ 1887ல எண்ணெய் வண்ணத்துல பாத்து வரைஞ்சாரே அதேதான். கண்ணுக்கு நேரா தடியா ஒரு பிளம் கிளை, தூரத்துல பூ பாக்க வந்தவங்க பொடிப்பொடியா, மேல வானம் நல்ல சிவப்புல ஆரம்பிச்சு கீழ வர வர வெளிறிக்கிட்டே போகும். அந்த வெளிறல் பலகைல செதுக்கினது இல்லீங்க, பலகை அங்க சமதளமாத்தான் இருக்கும். அச்சடிக்கறவர் பலகைய ஈரத்துணியால துடைச்சிட்டு, பிரஷ்ஷோட ஒரு ஓரத்துல மட்டும் சாயம் தொட்டு குறுக்க இழுப்பார், சாயம் ஈரத்துல கசிஞ்சு அந்தப் பக்கம் போகப்போக மெலியும், காயறதுக்குள்ள தாள வச்சு மூங்கில் பாளை சுத்தின வட்டமான பாரென்ங்கற கருவியால தாளோட முதுகுல தேய்ச்சு எடுக்கணும். அடுத்த தாளுக்கு மறுபடி மொதல்லேர்ந்து. அதனாலதான் ஒரே படத்தோட ரெண்டு பிரதில வானம் ஒண்ணுபோல இருக்காது, பின்னாடி அவசரமா போட்ட பதிப்புகள்ல இந்த வேலையையே குறைச்சிருப்பாங்க. வண்ணச்சரிவுன்னா இந்தக் கைவேலை உள்ள வரவே இல்ல.

> அப்ப "மங்கல்"?

அது வேற எடத்துக்கு தேவைப்படுது. பழைய அச்சுகள்ல பூவிலேர்ந்து எடுத்த நீலம் வெளிச்சம் பட்டு வெளுத்துடும், அந்த சேதத்த சொல்ல மங்கல்தான் பொருத்தம். ரெண்டுக்கும் ஒரே சொல்ல வச்சா படக்குறிப்பு எழுதறவங்க பாடு திண்டாட்டம்.

என் பரிந்துரை தேய்நிறம். தேய்பிறை மாதிரி வினைத்தொகை, நிறம் தேய்ஞ்சுகிட்டே போறதும் வருது, பாரென் தேய்க்கறதும் காதுல விழுது. தேஞ்சு போன நிறம்னு அர்த்தம் பண்ணிக்க மாட்டாங்களான்னு கேப்பீங்க, தேய்பிறைய யாரும் சேதமான நிலான்னு எடுத்துக்கறதில்லையே.

உள்வகைக்கும் இது நல்லா வளையுது. வானத்து உச்சில நேரா ஒரு பட்டையா வர்ற இச்சிமோன்ஜி பொகாஷிக்கு கீற்றுத் தேய்நிறம் (1830 வாக்குல பிரஷ்ய நீலம் தாராளமா கெடைக்க ஆரம்பிச்சப்புறம் ஹொகுசாய், ஹிரோஷிகே நிலக்காட்சில எல்லாம் ஆழ்ந்த நீலத்துல நிக்குமே, அது). துடைச்சு செய்யற ஃபுகிபொகாஷிக்கு துடைப்புத் தேய்நிறம். இதாபொகாஷி மட்டும் வேற சாதி, அங்க பலகையோட விளிம்பையே சாய்வா சீவி விடறாங்க, அதனால அதுக்கு உங்க சொல்லையே எடுத்துக்கலாம், சரிவுத் தேய்நிறம். ஓரமே இல்லாம திட்டா நடுவுல பரவற அதேநாஷிக்குத்தான் நல்லதா ஒண்ணும் அகப்படல, "திட்டு"ன்னா கறை மாதிரி இருக்கு, "பரவல்"னு போடலாமா? துணிச்சாயப் பட்டறைல பழகினவங்க யாராவது இருந்தா அங்க என்ன சொல்றாங்கன்னு எழுதுங்க.