மூணு கடை, 38 பேரு, எந்த டெஸ்ட் போடுறது?

கேள்வி (பினாங்கு மாணவி)
அண்ணே அக்கா யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்களேன், ஜார்ஜ்டவுன்ல மூணு நாசி கண்டார் (சோறும் கறியும்) கடைக்கு 38 பேர்கிட்ட சர்வே எடுத்தேன், திருப்திக்கு 1லேருந்து 5 வரைக்கும் மார்க், அப்புறம் கியூல எத்தனை நிமிஷம் நின்னாங்கன்னு. ஒரு ஃப்ரெண்டு மூணு கடை சராசரியையும் ஒண்ணா ஒப்பிடுற அனோவாங்கிறா, இன்னொருத்தி ரெண்டு ரெண்டு கடையா ஒப்பிடுற டி டெஸ்ட்ட மூணு தடவ போட்டா முடிஞ்சிச்சிலாங்கிறா. சாஃப்ட்வேர் எதப் போட்டாலும் நம்பர் குடுக்குது, அதான் பயமா இருக்கு.

பதில் (கேஎல் அண்ணன்)
மூணு தடவ வேணாம்மா. நெசமா வித்தியாசம் இல்லாதப்ப இருக்குன்னு தப்பாச் சொல்ற வாய்ப்பு ஒவ்வொண்ணுலயும் 5%, மூணும் சேந்தா 14% கிட்ட போயிரும். மொதல்ல இதச் சொல்லு, அதே 38 பேரும் மூணு கடையிலயும் சாப்ட்டாங்களா, இல்ல கடைக்கு கொஞ்சம் பேரா?

மாணவி
அதே ஆளுங்கதான், மூணு நாள் கூட்டிட்டுப் போனேன், பர்ஸ் காலி 😭

பதில் (புள்ளியியல் அக்கா)
அப்போ சாதா அனோவா செட் ஆகாது, அது வேற வேற ஆளுங்களுக்கு. மார்க்குக்கு ஃப்ரீட்மன் டெஸ்ட் போடு, ஒவ்வொருத்தரும் மூணு கடைக்கும் குடுத்த மார்க்க வரிசைப்படுத்தி ஒப்பிடுறது அது, அதுல வித்தியாசம் தெரிஞ்சா கடைய ஜோடி ஜோடியா ஒப்பிட வில்காக்சன் டெஸ்ட், ஆனா மூணு ஜோடிங்கிறதால 0.05ஐ 3ஆல வகுத்து, சாஃப்ட்வேர் குடுக்குற p மதிப்பு 0.017க்குக் கீழ வந்தாத்தான் கணக்கு. நிமிஷத்துக்கு மொதல்ல ஹிஸ்டோகிராம் (எத்தன நிமிஷம் எத்தன பேருன்னு காட்டுற பட்டைப் படம்) பாரு, மத்தியான கியூன்னா ஒரு பக்கம் வால் நீளும், அந்த வால் சுருங்க லாக் (மடக்கை) எடுத்துட்டு, அதே ஆளுங்கள திரும்பத் திரும்ப அளந்ததுக்கான ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா போடலாம்.

பதில் (கேஎல் அண்ணன்)
எல்லாரும் ஒரே வரிசையிலயா கடைக்குப் போனாங்க?

மாணவி
ஐயோ ஆமாண்ணே…

பதில் (கேஎல் அண்ணன்)
அப்போ வித்தியாசம் கடையாலயா, போன வரிசையாலயான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. அதுக்கு எந்த டெஸ்டும் மருந்து இல்ல, ரிப்போர்ட்ல குறைபாடுகள்ல எழுதிடு.