கிண்ணத்தில் வினிகர் வைத்தால் வீட்டுப் புகைவாடை போகுமா?

பூச்சுக்காரன்:
நேற்று இங்கே ஒருவர் போட்ட குறிப்பைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "வீட்டில் சிகரெட் வாடையோ கருகல் வாடையோ இருந்தால் ஒரு கிண்ணத்தில் வினிகரை ஊற்றி மூலையில் வையுங்கள், விடிவதற்குள் காணாமல் போய்விடும்" என்று எழுதியிருந்தார். கீழே லைக்குகள் குவிந்து கிடக்கின்றன. நான் பெயிண்ட் வேலை செய்கிறவன். புகைபிடிப்பவர் வருஷக்கணக்கில் குடியிருந்த வீட்டில், சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? படம் இருந்த இடம் மட்டும் பழைய வெள்ளையில் சதுரமாகத் தெரியும். சுற்றிலும் பழுப்பேறிக் கிடக்கும். ஈரத்துணியால் ஒரு தடவை தேய்த்தால் மஞ்சள் தண்ணீர் முழங்கை வரை வழியும், கையில் பிசுபிசுவென்று ஒட்டும். வாடை அந்தப் படலத்தில் இருக்கிறது. கிண்ணம் மூலையில் இருக்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

வளர்பிறை:
அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். அடுப்பில் எண்ணெய் கருகி வீடு முழுக்கப் புகை சூழ்ந்தது. கிண்ணத்தில் வினிகர் வைத்தேன். காலையில் வாடை இல்லை. என் வீட்டில் நடந்ததை நான் சொல்கிறேன்.

பூச்சுக்காரன்:
ஜன்னல் திறந்திருந்ததா?

வளர்பிறை:
திறந்துதான் இருந்தது. புகையை உள்ளே வைத்துக்கொண்டு யாராவது ஜன்னலைச் சாத்துவார்களா?

பூச்சுக்காரன்:
அப்படியென்றால் வேலை செய்தது ஜன்னல். பேர் வாங்கியது கிண்ணம்.

அமிலமானி:
கொஞ்சம் பொறுங்கள். வினிகரை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நிகோட்டின் காரத்தன்மை உள்ளது. சாதாரண வினிகரில் ஏறக்குறைய 5 சதவீதம் அசிட்டிக் அமிலம். அமிலம் பட்டால் நிகோட்டின் உப்பாக மாறும். உப்பு ஆவியாகாது, தண்ணீரில் கரைந்துவிடும். ஆக, வளர்பிறை சொல்வதில் அடிப்படையே இல்லை என்று சொல்வது தவறு.

வளர்பிறை:
நன்றி ஐயா. படித்தவர் ஒருவராவது ஒப்புக்கொண்டாரே.

பூச்சுக்காரன்:
வாத்தியாரே, "பட்டால்" என்று நீங்களே எழுதிவிட்டு யாருக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்? சுவரில் ஒட்டிய நிகோட்டின் இறங்கி நடந்து வந்து கிண்ணத்தில் விழுமா? வினிகரைத் தண்ணீரில் கலந்து துணியால் துடையுங்கள், நானே கைதட்டுகிறேன். துடைப்பது வேறு, கிண்ணம் வைப்பது வேறு.

அமிலமானி:
சுவரில் இருக்கும் நிகோட்டின் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலந்துகொண்டேதான் இருக்கும். காற்று கிண்ணத்தின் மேலும் படும். நான் அளவைப் பற்றிப் பேசவில்லை, தத்துவத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

பூச்சுக்காரன்:
தத்துவத்தை வைத்துக்கொண்டு வாடையோடு குடியிருக்க முடியாது. கிண்ணத்தின் வாய் உள்ளங்கை அகலம். நாலு சுவர், கூரை, திரைச்சீலை, மெத்தை, சோபா எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு பரப்பு? விடிவதற்குள் எதை உறிஞ்சும்?

காற்றாடி:
இரண்டு பேரும் பழங்காலத்திலேயே நிற்கிறீர்கள். ஓசோன் மெஷின் ஒன்றை வைத்துக் கதவைச் சாத்துங்கள். கிண்ணமும் வேண்டாம், துணியும் வேண்டாம்.

அமிலமானி:
காற்றாடி, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். ஓசோன் நுரையீரலை அரிக்கும் வாயு. கலிஃபோர்னியாவில் வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் கருவி எதுவும் 0.050 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு பிபிஎம்) மேல் ஓசோன் வெளியிடக் கூடாது என்றே சட்டம் இருக்கிறது. மனிதர் இருக்கக்கூடிய அந்த அளவில் வாடை பெரிதாகக் குறையாது. வாடை குறையும் அளவுக்கு விட்டால் அந்த அறையில் மனிதர் இருக்கக் கூடாது. போதாததற்கு, சுவர் நிகோட்டினோடு ஓசோன் வினைபுரிந்தால் ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்களும் மிக நுண்ணிய துகள்களும் உண்டாகும். ஒரு வாடை போய் வேறொரு தொல்லை வந்து உட்காரும்.

காற்றாடி:
ஹோட்டல் அறைகளில் எல்லாம் இதைத்தான் போடுகிறார்கள். அவர்கள் எல்லாரும் முட்டாள்களா?

பூச்சுக்காரன்:
ஆள் இல்லாத அறையில் போட்டு, பிறகு காற்றோட்டம் விடுவார்கள். நீங்கள் சொன்னதில் அந்த இரண்டாவது பாதி எங்கே? முன்பு இங்கே நடந்த ஈரச்சுவர் விவாதத்திலும் இப்படித்தான், பாதியைச் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

காற்றாடி:
ஈரச்சுவரை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? அன்றைக்கு நீங்கள் பதில் சொல்லாமல் ஓடியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

பூச்சுக்காரன்:
ஓடவில்லை. கசிவை அடைக்காமல் மேலே பெயிண்ட் அடிக்காதே என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்: மூலத்தை விட்டுவிட்டு மேலே எதையும் பூசாதே, மூலையில் எதையும் வைக்காதே.

புதுக்குடி:
சண்டைக்கு நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். நாங்கள் குடிவந்திருக்கும் வீட்டில் முன்பு இருந்தவர் உள்ளேயே புகைபிடித்திருக்கிறார். தவழும் குழந்தை இருக்கிறது. ஏர் பியூரிஃபையர் வாங்கினால் போதுமா?

பூச்சுக்காரன்:
போதாது தம்பி. அதற்குள் இருக்கும் ஹெப்பா என்ற நுண்வடிகட்டி ஃபில்டர் துகளைத்தான் பிடிக்கும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் பிடிக்கும் என்பது அதற்கான அளவுகோல். புகை கண்ணுக்குத் தெரியும்போது அது நல்ல உதவி. வாடையோ வாயு, ஹெப்பாவுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். அதற்கு ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது வாயுவைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் கரி வேண்டும். அதுவும் கெட்டியாக, எடை தெரியும்படி இருக்க வேண்டும். பஞ்சுத் தாளில் கரித்தூளைத் தூவிவிட்டு கார்பன் ஃபில்டர் என்று விற்பது சீக்கிரமே நிரம்பிவிடும், பிறகு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

முதலில் காற்று. எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திறங்கள். ஒன்றில் ஃபேனை வெளியே பார்த்து வையுங்கள், உள்ளே பார்த்து வைத்தால் வாடை அடுத்த அறைக்குத்தான் போகும். அப்புறம் துணிமணி. திரைச்சீலையையும் உறைகளையும் துவைத்து வெயிலில் போடுங்கள். ஏசி ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள், அதை மறந்தால் ஏசி போடும்போதெல்லாம் வாடை திரும்ப வரும். பிறகு சுவர். கையுறை போட்டுக்கொண்டு கூரையிலிருந்து கீழாக, தண்ணீர் மஞ்சளாக வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். ட்ரைசோடியம் பாஸ்பேட் என்ற காரப் பொடியின் கரைசல் இதற்கு நன்றாகக் கேட்கும். ஆனால் தோலை அரிக்கும், குழந்தையை அந்தப் பக்கம் விடாதீர்கள். அதற்கும் போகவில்லை என்றால் ஷெல்லாக் பிரைமர் (கறையை அடைத்துவைக்கும் அரக்கு அடிப்பூச்சு) அடித்து மேலே பெயிண்ட். தண்ணீர் பெயிண்டை நேராக அடித்தால் கறை மேலே ஊறி வந்துவிடும், கூடவே வாடையும்.

அமிலமானி:
தவழும் குழந்தை என்பதால் ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பரப்புகளில் ஒட்டிய நிகோட்டின் காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து நைட்ரோசமைன்கள் ஆகிறது என்று காட்டினார்கள். அவற்றில் புற்றுநோய் உண்டாக்கும் வகைகள் இருக்கின்றன. குழந்தை கையைத் தரையில் வைக்கும், வாயில் வைக்கும். வாடை இல்லை என்பதால் எல்லாம் சரி என்று விட்டுவிடாதீர்கள்.

வளர்பிறை:
நானும் ஒன்று சொல்கிறேன் புதுக்குடி. துடையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இரவில் ஒரு கிண்ணம் வினிகரும் வையுங்கள். என் வீட்டில் போனது.

பூச்சுக்காரன்:
மறுபடியும் கிண்ணமா!

வளர்பிறை:
மறுபடியும் கிண்ணம்தான். உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்? கிண்ணம் யாரைக் கடித்தது?

பூச்சுக்காரன்:
கிண்ணம் வைத்தவன் வேலை முடிந்தது என்று நினைத்து அதே வீட்டில் குழந்தையைத் தவழ விடுகிறான் சகோதரி. கோபம் அதற்குத்தான். கிண்ணம் வைத்த அறையில் வினிகர் நெடி மூக்கை நிறைக்கிறது, பழைய வாடை அடியில் மறைகிறது. அதுவும் போக, ராத்திரி முழுக்க அதே அறையில் படுத்திருந்தால் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடும். வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து, வாசலிலேயே நின்று முகர்ந்து பாருங்கள்.

வளர்பிறை:
பார்த்தேன். இல்லை. என் மூக்கைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம் அண்ணா.

காற்றாடி:
செடி வைத்தாலும் போகும். நாசாவே சொல்லியிருக்கிறது.

அமிலமானி:
நாசா 1989இல் சோதித்தது காற்றுப்புகாத சிறு பெட்டிக்குள். வீடு அப்படி இல்லை. 2019இல் அந்த வகைச் சோதனைகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள், சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டும் என்றார்கள். படுக்க இடம் இருக்காது.

காற்றாடி:
ஓசோன் கூடாது, செடி கூடாது. வினிகர் என்றால் மட்டும் தத்துவம் வந்துவிடுகிறது!

அமிலமானி:
தத்துவம் சரி என்றுதான் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். வினிகரைப் பிளீச்சிங் பவுடரோடு மட்டும் யாரும் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும்.

பூச்சுக்காரன்:
கிண்ணத்தைப் பற்றி நேராக ஒரு வரி எழுதுங்கள் வாத்தியாரே. உறிஞ்சுமா, உறிஞ்சாதா?

அமிலமானி:
கேள்வியை நீங்கள் வைக்கும் விதமே தவறு.

வளர்பிறை:
உறிஞ்சும்.

காற்றாடி:
புதுக்குடி, ஒன்றைக் கவனித்தீர்களா? பூச்சுக்காரர் சொன்னதெல்லாம் கடைசியில் பெயிண்டில்தான் போய் முடிகிறது. அவருக்கு வேலை வேண்டும்.

பூச்சுக்காரன்:
முதலில் சொன்னது ஜன்னல், அடுத்தது துவைப்பது, அதற்கடுத்தது துடைப்பது. இதில் எதற்கும் யாரும் எனக்குக் கூலி தர மாட்டார்கள். நான் எழுதியதை மறுபடி படித்துவிட்டு வாருங்கள். ஈரச்சுவரையும் அப்போதே பேசி முடித்துவிடலாம்.