பம்ப் கம்பெனி குவாலிட்டியிலிருந்து ஐடிக்கு: எந்தக் கோர்ஸில் பணம் போடலாம்?

பீளமேடு_குவாலிட்டி:

வணக்கம். பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் ஏழெட்டு வருடமாகக் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். வயது 31. காஸ்டிங் வந்தால் பார்ப்பது, மெஷினிங் முடிந்த ஷாஃப்ட்டை அளப்பது, அளவுகளை எஸ்ஏபி என்ற கம்பெனி நிர்வாக சாஃப்ட்வேரில் ஏற்றுவது, இதுதான் வேலை. சம்பளம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நைட் ஷிஃப்ட்டும் இனி முடியாது. ஐடிக்கு மாறுவது என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம்.

மூன்று வழி பார்த்து வைத்திருக்கிறேன். காந்திபுரத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட், ஜாவா ஃபுல் ஸ்டாக் (வெப்சைட்டின் முன்பக்கம், பின்னணி இரண்டையும் எழுதும் புரோகிராமிங்), 6 மாதம். கட்டணம் 65,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 76,700. "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்" என்கிறார்கள், இஎம்ஐயும் உண்டாம். இந்த வாரமே சேர்ந்தால் தள்ளுபடி என்று தினமும் போன் வருகிறது. இன்னொன்று, சனி ஞாயிறு மட்டும் நடக்கும் சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ். மூன்றாவது, ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ். கையில் சேமிப்பு அதிகமில்லை, வேலையையும் இப்போதைக்கு விட முடியாது. எதில் இறங்கலாம்?

மில்லிலிருந்து_டெஸ்டர்:

சகோ, நானும் ராஜபாளையம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் இருந்துவிட்டு டெஸ்டிங்குக்கு வந்தவன்தான். இப்போது சென்னையில் ஆள் எடுக்கும் பேனலில் உட்காருகிறேன். அங்கே பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

ஒரே இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர்களின் ரெஸ்யூமில் ஒரே 'பேங்கிங் புராஜெக்ட்' இருக்கும், வார்த்தைகூட மாறாது. "கணக்கில் இருக்கும் மொத்தத் தொகையையும் ஒரு பைசா மீதியில்லாமல் அனுப்பினால் என்ன நடக்க வேண்டும்?" என்று கேட்டால் பதில் வராது. பிள்ளைகள் மேல் தப்பில்லை, இப்படி யோசிக்க யாரும் பழக்கவில்லை. உங்களுக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ஷாஃப்ட் 25 மி.மீ., டாலரன்ஸ் 0.02 கூடக் குறைய என்றால் உங்கள் கண் 24.98 மேலும் 25.02 மேலும்தானே இருக்கும்? இங்கேயும் அதே கதைதான். வயது 18 முதல் 60 வரை ஏற்க வேண்டிய கட்டத்தில் 17, 18, 60, 61 என்று போட்டுப் பார்ப்போம். பவுண்டரி வேல்யூ என்பார்கள். டெஸ்டர்களுக்கான சர்வதேசச் சான்றிதழான ஐஎஸ்டிகியூபியின் ஃபவுண்டேஷன் தேர்வில் இதெல்லாம் வரும். 40 கேள்வி, 60 நிமிடம், 65 சதவீதம் எடுத்தால் பாஸ். சிலபஸ் இலவசமாகவே கிடைக்கிறது, முதலில் அதை எடுத்துப் படியுங்கள்.

அதனால் என் ஓட்டு டெஸ்டிங்குக்குத்தான். ஃபுல் ஸ்டாக் முடித்துவிட்டுப் போனால், கல்லூரியிலிருந்து நேராக வரும் 22 வயதுப் பிள்ளைகளோடு அதே வரிசையில் நிற்க வேண்டும். குவாலிட்டியில் நீங்கள் இருந்த வருடங்களுக்கு அங்கே மதிப்பு கிடைப்பது கஷ்டம். ஆனால் கையால் ஒவ்வொன்றாகச் சோதிக்கும் மேனுவல் டெஸ்டிங் மட்டும் தெரிந்தால் இப்போது போதாது. டேட்டாபேஸில் தேட எஸ்கியூஎல், புரோகிராம் எழுத பைத்தான் அல்லது ஜாவா, சோதனையைத் தானாக ஓட்ட செலினியமோ பிளேரைட்டோ, சாஃப்ட்வேர்கள் ஒன்றோடொன்று பேசும் ஏபிஐயை போஸ்ட்மேன் என்ற கருவியில் சோதிப்பது, இவ்வளவும் வேண்டும். அந்த வார இறுதிக் கோர்ஸின் பாடத்திட்டத்தில் இதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு மாதமாவது சும்மா படித்துப் பாருங்கள். ஐஐடி பாடங்கள் ஆன்லைனில் வரும் என்பிடெல் தளத்தில் பைத்தான் பாடம் இருக்கிறது, சேருவதற்குக் கட்டணம் கிடையாது. சான்றிதழ் தேர்வு எழுதினால்தான் காசு. ஷிஃப்ட் முடிந்து வந்து லேப்டாப் முன் ஒரு மணி நேரம் உட்கார முடிகிறதா, எர்ரர் வந்தால் எரிச்சல் வருகிறதா, ஏன் வந்தது என்று தோண்டத் தோன்றுகிறதா, இது உங்களுக்கே தெரிந்துவிடும். அப்புறம் சந்தேகம் கேட்க ஆள் வேண்டும் என்று தோன்றினால் அதற்காகப் பணம் கட்டுங்கள்.

டெமோ வகுப்பை யாரும் நன்றாகத்தான் எடுப்பார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பேட்ச்சில், நடுவில் ஒரு வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். மாட்டேன் என்றால் அந்த இடம் வேண்டாம்.

ஐஐடி பி.எஸ். நல்ல படிப்பு, வயது வரம்பும் இல்லை. ஆனால் நுழைவதற்கே 4 வாரம் கணிதம், புள்ளியியல் எல்லாம் படித்து, மையத்துக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும். முழுப் பட்டம் வருடக்கணக்கில் போகும். உங்கள் அவசரத்துக்கு அது ஒத்துவராது. ஐடிக்குள் வந்த பிறகு மனமிருந்தால் சேருங்கள்.

தவணை_கணக்கு:

நான் கடன் துறையில் வேலை பார்ப்பவன். இஎம்ஐ பற்றி மட்டும் சொல்கிறேன். இன்ஸ்டிட்யூட்டில் இஎம்ஐ என்று கையெழுத்து வாங்குவது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பத்திரம். பணம் மொத்தமாக இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்விடும், தவணை உங்கள் பெயரில் ஓடும். பாதியில் நின்றாலும், அவர்களே கடையை மூடினாலும், தவணை தவறினால் அடி வாங்குவது உங்கள் சிபில் ஸ்கோர். மாதாமாதம் நேரடியாகக் கட்டுகிறேன் என்று கேட்டுப் பாருங்கள்.

பிளேஸ்மென்ட் வாக்குறுதி ரசீதிலோ ஒப்பந்தத்திலோ எழுத்தில் இருக்கிறதா? கோச்சிங் நிறுவனங்கள் வேலை உறுதி என்று பொய் விளம்பரம் செய்யக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. பிரச்சினை வந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

எஸ்ஏபி_அக்கா:

தம்பி, எஸ்ஏபியில் அளவு ஏற்றுவதாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்களே. எஸ்ஏபியின் தரப் பிரிவான கியூஎம் மாட்யூலில் இன்ஸ்பெக்ஷன் லாட் (சோதிக்க வேண்டிய சரக்கின் பதிவு), யூசேஜ் டிசிஷன் (ஏற்பதா, ஒதுக்குவதா என்ற முடிவு) எல்லாம் தினமும் போடுகிறவர் நீங்கள். எஸ்ஏபியின் பழைய பதிப்பான இசிசிக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிவதால் கம்பெனிகள் எஸ்/4 ஹானா என்ற புதிய பதிப்புக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. அந்த மாற்றத்தைச் சோதிக்க, ஷாப் ஃப்ளோர் தெரிந்தவர்கள் தேவை. எஸ்ஏபியின் சொந்தப் பயிற்சித் தளத்திலேயே இலவசப் பாடங்கள் இருக்கின்றன. உங்கள் கம்பெனியில் எஸ்ஏபி பார்க்கும் ஐடி குழு இருக்குமே, அடுத்த அப்கிரேடில் யூசர் டெஸ்டிங்குக்கு (பயன்படுத்துபவர்களே சோதித்துப் பார்ப்பது) என் பெயரையும் சேருங்கள் என்று மேனேஜரிடம் கேளுங்கள். ரெஸ்யூமில் அது உண்மையான புராஜெக்ட்.

பீளமேடு_குவாலிட்டி:

அக்கா, எங்கள் கம்பெனியில் இன்னும் இசிசிதான். நாளைக்கே மேனேஜரிடம் பேசுகிறேன். காந்திபுரத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வார இறுதி டெஸ்டிங் கோர்ஸில் நடு வகுப்பில் உட்கார ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சேரும்போது அசல் டிகிரி சான்றிதழைக் கொடுத்து வைக்க வேண்டுமாம். இது வழக்கம்தானா?

மில்லிலிருந்து_டெஸ்டர்:

எந்தக் காரணம் சொன்னாலும் அசலைக் கொடுக்காதீர்கள் சகோ. நாளைக்கு வேலை கிடைத்தால் அங்கே சரிபார்ப்புக்கு அசல்தான் வேண்டும். பார்த்துவிட்டு உடனே திருப்பித் தரட்டும், நகல் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். அதற்குச் சம்மதிக்காவிட்டால் வேறு இடம் பார்க்கலாம், நானும் விசாரித்துச் சொல்கிறேன்.