வார்டுப் பயிற்சியில் பாதியைப் பொம்மைக்குக் கொடுக்கலாமா?

வைகைக்கரை:
"செவிலியர் மாணவர்களின் வார்டுப் பயிற்சியில் பாதியைச் சிமுலேஷன் ஆய்வகத்துக்கு (நோயாளிக்குப் பதில் பொம்மையையும் செயற்கைக் காட்சியையும் வைத்துப் பழகும் இடம்) மாற்றிவிடலாம், இதை அமெரிக்கா 2014-லேயே நிரூபித்துவிட்டது" என்று நண்பர் நொய்யல் நேற்று இன்னொரு இழையில் எழுதியிருந்தார். அங்கே பலர் அதற்குக் கைதட்டியும் இருப்பதால், பதிலைத் தனி இழையாகவே எழுதுகிறேன்.

அவர் சொல்லும் ஆய்வு, அமெரிக்க மாநிலச் செவிலியர் மன்றங்களின் தேசியக் கவுன்சில் நடத்தியது. 10 கல்லூரிகளின் மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான பயிற்சி. அதில் சிமுலேஷன் 10 சதவீதத்தைத் தாண்டாது. மற்ற இரு குழுக்களுக்கும் முறையே 25, 50 சதவீத மணி நேரம் சிமுலேஷனில் போனது. 666 பேர் முழுமையாக முடித்தார்கள். உரிமத் தேர்வில் தேர்ச்சி பெற்றதிலும், வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதங்களில் காட்டிய திறமையிலும் குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதுவரை நண்பர் சொன்னது சரி. ஆனால் அந்த ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி தரப்பட்டிருந்தது, ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் மாணவர்களை உட்கார வைத்து நடந்ததை ஆராய்ந்தார்கள், போதுமான கருவியும் ஆளும் இருந்தன என்பதையெல்லாம் அவர் ஏன் விட்டுவிட்டார்? இத்தகைய நிலைமை இருந்தால்தான் பாதியை மாற்றலாம் என்று ஆய்வாளர்களே சொல்லியிருக்க, நம் ஊர்க் கல்லூரிகளுக்குப் பாதி என்ற எண்ணை மட்டும் பரிசளிப்பது பொறுப்பற்ற செயல்.

நொய்யல்:
அந்த நிபந்தனைகள் எனக்கும் தெரியும், அம்மா. பாதியை மாற்றலாம் என்று எழுதினேன். நாளைக்கே எல்லாக் கல்லூரியும் மாற்றிவிட வேண்டும் என்று எழுதவில்லை.

நீங்கள் போற்றும் வார்டில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டிலைச் சுற்றி ஆறு மாணவிகள் நின்று ஒரே நோயாளிக்கு மாறி மாறி பி.பி. பார்க்கிறார்கள். பிறகு படுக்கை விரிக்கிறார்கள், லேபுக்குப் போய் ரிப்போர்ட் வாங்கி வருகிறார்கள், மீதி நேரத்தில் கேஸ் புக் எழுதுகிறார்கள். நோயாளிக்கு மூச்சு வாங்கத் தொடங்கினால் முதலில் ஒதுக்கி நிறுத்தப்படுபவர்கள் அவர்கள்தான். எங்கள் ஆய்வகத்தில் நான் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மேனிகின் எனும் நோயாளிப் பொம்மையின் ரத்த ஆக்சிஜன் அளவை 96 சதவீதத்திலிருந்து மெல்ல இறக்குகிறேன். மாணவி தலைப்பக்கத்தை உயர்த்தி ஆக்சிஜன் கொடுத்து, மருத்துவரை அழைத்து நிலைமையைத் தெளிவாகச் சொன்னால் அளவு ஏறும். கைகட்டி நின்றால் 84-க்கு இறங்கும். அவள் செய்ததற்கு அங்கேயே விளைவு தெரிகிறது. எந்த வார்டு இந்த வாய்ப்பை ஒரு மாணவிக்குக் கொடுக்கும்?

வைகைக்கரை:
ஆறு பேர் ஒரு கட்டிலைச் சுற்றி நிற்பது வார்டின் குற்றமா, தம்பி? ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள் இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. உங்கள் கணக்கில் ஒரு நோயாளிக்கு ஆறு மாணவர்கள் இருக்கிறார்கள். நோயாளிகள் போதாத இடத்தில் இடங்களை நிரப்பிவிட்டு, அந்தக் குறையை மறைக்கப் பொம்மையை முன்னால் நிறுத்துகிறீர்கள். அமெரிக்காவின் பாதி உங்களுக்கு இதற்காகத்தான் இனிக்கிறது.

மருந்து ஏற்ற ரத்தக்குழாய்க்குள் செருகும் கேனுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்து ரப்பர் கையில் ரத்தக்குழாய் அசையாமல் ஒரே இடத்தில் கிடக்கும். முந்தைய பேட்ச் குத்திய துளைகளே இந்தப் பேட்சுக்கு வழிகாட்டும். வார்டில் எண்பது வயதைத் தாண்டிய அம்மாவின் கையைப் பிடித்தால் ரத்தக்குழாய் விரலுக்கடியில் நழுவும். கையில் கட்டும் டூர்னிகெட் பட்டையைச் சற்று இறுக்கினாலே தோல் கன்றிப்போகும். ஊசி உள்ளே போன நொடியில் புடைத்துக்கொண்டு வீங்கும். அந்த அம்மா "ஐயோ" என்று கையை இழுப்பார். பக்கத்தில் நிற்கும் மகன் "தெரிந்தவர்கள் யாராவது போடுங்கள்" என்பார். அந்த நேரத்தில் கையும் குரலும் நடுங்காமல் நிற்கப் பழகுவது வார்டில்தான். இதில் எந்தப் பாதியை வெட்டப் போகிறீர்கள்?

பனிநாட்டுச் செவிலி:
இருவருக்கும் வணக்கம். நான் பிரிட்டனில் பணிபுரிகிறேன். இங்கே செவிலியர் படிப்பு 4600 மணி நேரம். அதில் 2300 மணி நேரம் செய்முறைப் பயிற்சி. பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர்களை வார்டுக்கு அனுப்ப முடியாமல் போனபோது 300 மணி நேரம் வரை சிமுலேஷனுக்கு இடம் கொடுத்தார்கள். 2023 முதல், அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்கள் 600 மணி நேரம் வரை அதைப் பயன்படுத்தலாம். எனவே நொய்யல் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாத பேச்சு அன்று. எங்கள் வார்டுக்கு வரும் மாணவர்களில் சிமுலேஷனில் நன்றாகப் பழகியவர்கள் ஹேண்ட் ஓவர் (பணி மாறும்போது நோயாளியின் நிலையை அடுத்தவரிடம் ஒப்படைப்பது) சொல்லும்போதே அது தெரியும். தடுமாறாமல், வேண்டியதை வேண்டிய வரிசையில் சொல்கிறார்கள்.

வைகைக்கரை:
மிக்க நன்றி, சகோதரி. 2300-இல் 600 என்பது ஏறத்தாழக் கால் பங்கு. அத்தனை வசதியும் கண்காணிப்பும் உள்ள பிரிட்டனே கால் பங்கோடு நின்றிருக்கிறது. நொய்யல் தம்பிக்கு மட்டும் பாதி வேண்டுமாம்.

நொய்யல்:
முதலில், என்னைத் தம்பி என்று அழைப்பதை நிறுத்துங்கள். உங்கள் வயதும் எனக்குத் தெரியாது, என் வயதும் உங்களுக்குத் தெரியாது. சென்ற மாதம் அகமதிப்பீட்டு மதிப்பெண் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான், வாதம் தீர்ந்துபோனதும் உறவுமுறையைக் கையில் எடுத்தீர்கள்.

இரண்டாவது, பிரிட்டன் கால் பங்கோடு நின்றதற்குச் சிமுலேஷன் பயனற்றது என்பது காரணம் அன்று. செய்முறைப் பயிற்சி, நோயாளிகளோ நலமாக இருப்பவர்களோ, உண்மையான மனிதர்களோடு நேரடித் தொடர்பில் நடக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005-ஆம் ஆண்டு நெறிமுறை. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகே அவர்களால் அதைத் தளர்த்த முடிந்தது. தளர்த்திய பின் 300 என்பது 600 ஆனது. அந்த எண் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். பாதியைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது, அதில் மாணவர்கள் தோற்கவில்லை. இதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

இரவுப்பணி:
வைகைக்கரை அக்காவுக்கும் நொய்யல் சாருக்கும் வணக்கம். நான் படிப்பை முடித்து வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. நான் படித்த கல்லூரியிலும் விலையுயர்ந்த மேனிகின் ஒன்று இருந்தது. அதைக் கண்ணாடி அறையில் உறை போட்டு வைத்திருந்தார்கள். கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் உறையை எடுத்து, எங்களைச் சுற்றி நிற்க வைத்துப் படம் பிடிப்பார்கள். கேனுலா போட நான் கற்றுக்கொண்டது வேலைக்கு வந்த பிறகு, இரவுப் பணியில் இருந்த ஒரு சீனியர் அக்காவிடம்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்தபின் மாமாநட்டாலி என்ற கருவியை வைத்து ஒரு பயிற்சி கொடுத்தார்கள். பயிற்றுநர் அதை வயிற்றில் கட்டிக்கொண்டு பிரசவித்த தாயாக நடிப்பார். ரத்தம் எவ்வளவு வர வேண்டும், கருப்பை இறுகுகிறதா தளர்கிறதா என்பதையெல்லாம் தம் கையாலேயே மாற்றுவார். வயிற்றைத் தேய்த்துவிட்டு, கருப்பையை இறுக்கும் ஆக்சிடோசின் மருந்து கொடுத்து, சிறுநீர்ப்பையைக் காலி செய்யும் வரை ரத்தம் நிற்காது. நடுவில் அவர் என் கையைப் பிடித்து "சிஸ்டர், எனக்கு மயக்கமாக வருகிறது" என்றபோது எனக்கு உண்மையிலேயே வியர்த்தது. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கை மாணவியாக இருந்தபோது நான் ஒருமுறைகூடக் கிட்ட நின்று பார்த்ததில்லை. எனவே பாதியா காலா என்பதைவிட, எதற்கு எந்தக் கருவி என்று பேசினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

வைகைக்கரை:
பார்த்தீர்களா, அண்மையில் படித்து முடித்தவரே வந்து சாட்சி சொல்லிவிட்டார். உறைக்குள் கிடந்த மேனிகின். கேனுலா கற்றது வார்டில். இதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம்.

நொய்யல்:
உங்களுக்கு வேண்டிய வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். அவர் வார்டில் ஒருமுறைகூடப் பார்க்காத ரத்தப்போக்கைக் கருவியில்தான் கற்றார் என்ற பகுதி உங்கள் கண்ணில் படவில்லையா? மேனிகினைப் பூட்டி வைத்தது அந்தக் கல்லூரி நிர்வாகத்தின் குற்றம். நூலகத்தைப் பூட்டி வைக்கும் கல்லூரிகளும் உண்டு. அதற்காகப் புத்தகங்கள் பயனற்றவை என்பீர்களா?

வைகைக்கரை:
பொம்மையே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனை 1911-லேயே ஆளுயரப் பொம்மை ஒன்றை வாங்கி, அதை வைத்து மாணவிகளுக்குப் படுக்கை மாற்றவும் நோயாளியைத் தூக்கவும் கற்றுக்கொடுத்தது. மிஸஸ் சேஸ் என்று பெயர் பெற்ற அந்தப் பொம்மையைச் செய்து கொடுத்தவர் பொம்மைத் தொழில் நடத்திய ஒரு பெண்மணி. 1960-இல் நார்வேயில் வந்த ரெசஸி ஆன் பொம்மையின் மார்பை அழுத்தித்தான் நானும், இதயம் நின்றவருக்குச் செய்யும் சி.பி.ஆர். முதலுதவியைக் கற்றேன். ஆகவே எனக்குத் தொழில்நுட்பத்தின் வரலாறு தெரியாது என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தப் பொம்மைகள் எல்லாம் மாணவியை வார்டுக்குத் தயார்ப்படுத்தின. வார்டின் மணி நேரத்தைத் தமக்குக் கொடு என்று அவை கேட்கவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள், அதுவும் பாதியை.

இரவுப்பணித் தங்கை சொன்ன கருவியையே பாருங்கள். அதில் கணினி இல்லை, திரை இல்லை. எதிரில் இருப்பவள் தடுமாறுகிறாள் என்பதைப் பார்த்து ரத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ தெரிந்த பயிற்றுநர் ஒருவர் இருந்தார். பிரசவ அறையில் நின்ற அனுபவம் இல்லாமல் அது வராது. 2021-இல் வந்த புதிய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் செமஸ்டர் முறையோடு சிமுலேஷன் ஆய்வகத்தையும் கொண்டுவந்தபோது, நிர்வாகங்கள் மேனிகின் வாங்க ஓடின. அதை இயக்கவும், காட்சி முடிந்தபின் மாணவிகளோடு உட்கார்ந்து பேசவும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க எத்தனை நிர்வாகங்கள் முன்வந்தன? எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில், ஒன்றரை மணி நேரக் காட்சிக்குப் பிறகு "யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" என்ற ஒரே கேள்வியோடு எல்லோரையும் சாப்பிட அனுப்பிவிட்டார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தையும் பதிவேட்டில் செய்முறைப் பயிற்சியாகவே எழுதினார்கள்.

சொந்தமாக 100 படுக்கை மருத்துவமனை இருக்க வேண்டும் என்ற விதியையே காகிதத்தில் நிறைவேற்றப் பார்ப்பவர்களிடம் "பாதியை ஆய்வகத்தில் நடத்தலாம்" என்று சொன்னால், வார்டுக்குப் பேருந்து அனுப்பும் செலவு மிச்சம் என்பதுதான் அவர்கள் காதில் விழும். உங்கள் பாதி அங்கேதான் போய்ச் சேரும்.

பனிநாட்டுச் செவிலி:
மோசமான கல்லூரிகளை வைத்து நல்ல முறையை எடைபோடுவது நியாயமா? இங்கே வார்டுகளிலும் ஆள் பற்றாக்குறை இருக்கிறது. மாணவரைக் கவனிக்க யாருக்கும் நேரம் இல்லாத நாட்களும் உண்டு.

வைகைக்கரை:
சகோதரி, நீங்கள் இருப்பது பிரிட்டனில். நான் பேசுவது இங்குள்ள கல்லூரிகளைப் பற்றி. உங்கள் கால் பங்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பனிநாட்டுச் செவிலி:
நானும் தமிழ்நாட்டில் படித்து, இங்குள்ள செய்முறைத் தேர்வில் தேறித்தான் பதிவு பெற்றேன். நாடு விட்டுப் போனவருக்குப் பேசும் உரிமை இல்லை என்ற தொனியை நான் ஏற்கவில்லை.

நொய்யல்:
அவர் எல்லோரிடமும் இப்படித்தான் பேசுவார், நீங்கள் மனம் வருந்த வேண்டாம். நான் மீண்டும் ஒரே கேள்வியைக் கேட்கிறேன். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் நடந்ததை ஆராயும் முறையான டிப்ரீஃபிங் நடத்தி, அந்த ஆய்வு கேட்ட அத்தனையையும் செய்துவிட்ட ஒரு கல்லூரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கல்லூரி பாதியை மாற்றலாமா, கூடாதா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள்.

வைகைக்கரை:
அப்படி ஒரு கல்லூரியை நம் மாநிலத்தில் காட்டுங்கள், பிறகு பதில் சொல்கிறேன்.

நொய்யல்:
எங்கள் கல்லூரிக்கே வாருங்கள், அடுத்த வாரம் நான்காம் செமஸ்டருக்குக் காட்சி நடத்துகிறோம்.

வைகைக்கரை:
ஒருநாள் காட்சியைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஆய்வுக்குழுவுக்கும் ஒருநாள்தான் காட்டுகிறார்கள். உங்கள் மாணவிகளின் ஓராண்டுச் செய்முறைப் பதிவேட்டையும், அவர்கள் தனியாகப் போட்ட கேனுலாக்களின் எண்ணிக்கையையும் இங்கே பதிவிடுங்கள். அதன்பிறகு பாதியைப் பற்றிப் பேசலாம்.

இரவுப்பணி:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நொய்யல்:
மாணவிகளின் பதிவேட்டைப் பொதுவெளியில் போட முடியாது என்பது ஓர் ஆசிரியையான உங்களுக்கே தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள்.