ரோவர் பி6 வாங்கும்போது துருவை எங்கே தேட வேண்டும்?

கேள்வி:
1960-களின் பிரிட்டிஷ் ஸலூன் கார்களில் எனக்கு மிகவும் பிடித்தது ரோவர் பி6. விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு 'ரோவர் 2000' காரை (பி6-இன் 2 லிட்டர் என்ஜின் வகை) பார்க்கப் போகிறேன். வெளித் தகடுகள் எல்லாம் போல்ட்டால் பொருத்தப்பட்டவை, துருப்பிடித்ததைக் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம் என்கிறார் விற்பவர். அப்படியானால் துருவைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லையா?

மறுமொழி 1:
தகடுகளைப் பற்றி அவர் சொல்வது உண்மைதான். 1963-இல் அறிமுகமான இந்தக் காரில் கூரைகூடத் தனியாக மாட்டப்படுவதே. பானட்டும் டிக்கி மூடியும் அலுமினியம். ஆனால் காரின் பலம் இவற்றில் இல்லை. உள்ளே பற்றவைத்து உருவாக்கிய, 'பேஸ் யூனிட்' எனப்படும் எஃகுக் கூடுதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. அது அரித்துப் போயிருந்தாலும் நல்ல தகடுகளும் புதுப் பெயின்ட்டும் அதை மறைத்துவிடும் என்பதால், பளபளக்கும் பி6-ஐத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதியை முதலில் பாருங்கள். பிறகு பின்னிருக்கையைத் தூக்கி, அதன் அடியிலும் பின்சக்கர வளைவுகளின் உட்புறத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். இருக்கையைத் தூக்க அவர் சம்மதிக்காவிட்டால் விலை பேசவே வேண்டாம்.

மறுமொழி 2:
முன்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். பி6-இன் முன் ஸ்பிரிங்குகள் செங்குத்தாக நிற்பதில்லை. படுக்கைவாட்டில் கிடந்து, என்ஜினுக்கும் பயணிகளுக்கும் இடையே உள்ள தடுப்புச் சுவரின்மீது பாரத்தை ஏற்றுகின்றன. ஆகவே அந்தச் சுவரில் துரு இருந்தால் அதை அற்பமாக எண்ண முடியாது. 1950-இலேயே 'ஜெட் 1' என்ற, வாயுச் சுழலி (கேஸ் டர்பைன்) என்ஜினில் ஓடும் காரை ஓட்டிக் காட்டியிருந்த ரோவர், பி6-லும் அத்தகைய என்ஜினுக்கு இடம் இருக்க வேண்டும் என்று கருதியதால் வந்த அமைப்பு இது. சுழலி என்ஜினோடு பி6 விற்பனைக்கு வரவேயில்லை. ஆனாலும் அந்த விசாலமான என்ஜின் அறையில்தான் 1968-இல் எட்டு சிலிண்டர்கள் கொண்ட 3.5 லிட்டர் வி8 என்ஜின் வந்து அமர்ந்தது. அந்த முன்யோசனையை நான் இன்றும் வியக்கிறேன்.

மறுமொழி 3:
துருவுக்கு அப்பால் ஒன்று. பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரங்களில் இல்லாமல் நடுவே, என்ஜின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலை ஒட்டி இருக்கின்றன. சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் எடையைக் குறைத்துப் பயணத்தைச் சீராக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் கை எளிதில் எட்டாத இடம் என்பதால் பலர் அவற்றைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள். டிஃபரென்ஷியலில் எண்ணெய் கசிந்தால் அது டிஸ்க்கிலேயே படியும். காரை உயரத் தூக்கி அடியில் பார்க்க வசதியுள்ள இடத்துக்குக் கொண்டுவரும்படி விற்பவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.